கணக்கில் சேராத இரண்டு வாரம்

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. அறைக் கதவில் தகடு அடித்து எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் படகுத்துறையில் மீன் டாக்டர் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். பெயரை நம்பி, சீக்குப் பிடித்த கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. உண்மையில் அவள் பார்த்த வேலை நேர் எதிர். நல்ல உடம்போடு திரியும் மீனைப் பிடித்து மயக்கி, வயிற்றைக் கீறி, விரல் கணு அளவு கருவி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்து, மறுபடி கடலில் விடுவாள். அதைத் துறையில் மாத்திரை என்றார்கள். மாத்திரை போட்ட மீன் போகிற இடமெல்லாம் தன் எண்ணை ஒலியாகச் சொல்லிக்கொண்டே போகும். கடலடியில் கல் கட்டி இறக்கியிருக்கும் ஒலிவாங்கிகள் அதைக் கேட்டு, எந்த மீன், எந்த நாள், எத்தனை மணி என்று பதிந்துகொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய அண்ணி, மீன் வெட்டும் ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நேராக அறைக்குள் வந்து மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தாள். மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் வெட்டுகிறவள். பைக்குள் மாத்திரை கிடந்தது.

"களவா மீன் வயித்துல இருந்துச்சு. கத்தி பட்டு லேசா கீறிடுச்சு, கோவிச்சுக்காதே. தொப்பியெல்லாம் வேணாம். அதைப் போட்டா உங்க அண்ணனுக்குத் தலை அரிக்குதாம்."

மாத்திரை கொண்டுவந்து தருகிறவர்களுக்கு நிலையம் ஒரு தொப்பி கொடுப்பது வழக்கம். மீன் டாக்டர் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கி வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்தாள். பதினேழு. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

யார் கொண்டுவந்த மீன் என்று கேட்டாள். வேறு யார், உங்கள் அண்ணன்தான் என்றாள் அண்ணி. பன்னிரண்டு கிலோ, வயிறு பூராவும் முட்டை. எங்கே பிடித்ததாம் என்றதற்கு, கடலில்தான் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்ததை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியாதவள்போல் ஏப்ரனை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஏன், நான் கொண்டுவந்திருக்கக்கூடாதா?"

அப்படியெல்லாம் இல்லை என்று அனுப்பி வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, மாத்திரையின் எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

பதினேழாம் எண் மீனை அவளே மூன்று வருஷத்துக்கு முன் தைத்து விட்டிருந்தாள். அது குடியிருந்தது விரிகுடாவின் பாறைத்திட்டில். அந்த விரிகுடாவில் ஐந்து வருஷமாக யாரும் வலை போடக்கூடாது, தூண்டில் இறக்கக்கூடாது. மிதவை கட்டிக் கோடு போட்டிருந்தார்கள். உள்ளே பிடிபட்டால் படகின் உரிமம் போய்விடும். அந்தக் கோடு போட்டதே அவளுடைய அறிக்கையை வைத்துத்தான். களவா வீடு விட்டு நகராத மீன், தன் பாறையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குமேல் போவதில்லை, இந்த விரிகுடாவை மூடினால் போதும், உள்ளே பெருகி வெளியேயும் நிரம்பும் என்று எழுதியிருந்தாள். முப்பது படகுகள் தங்கள் இடத்தை விட்டுக் கிளம்பின. எல்லாரும் கத்திக்கொண்டிருந்த அன்றைய கூட்டத்தில் முதலில் எழுந்து சரி என்றவன் அவள் அண்ணன். என் தங்கச்சி ஒரு வருஷம் பூரா ராத்திரி பகல் பார்க்காமல் அளந்திருக்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் அடங்கினார்கள். அப்படிச் சொன்னவனே இப்போது கோட்டைத் தாண்டித் திருடுகிறானா?

அவள் கணினியைத் திறந்து பதினேழின் பதிவுகளை இழுத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தாள். மீன் கடைசியாகப் பேசியது ஆறு நாளுக்கு முன், விரிகுடாவின் வாயில், தெற்குக் கோடியில் இருந்த ஒலிவாங்கியிடம். அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. அப்படியானால் மீன் தானாகவே வெளியே போயிருக்கிறது. அண்ணன் கோட்டைத் தாண்டவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து நீண்ட மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி ஒரு டீ ஆறும் நேரம்கூட நீடிக்கவில்லை. தெற்குக் கோடி ஒலிவாங்கியில் அதே நாளில் மற்ற எண்களும் இருந்தன. நான்கு, ஒன்பது, இருபத்திரண்டு. எல்லாம் பெரிய மீன்கள். எல்லாம் இரண்டு நாளுக்குள் கடைசியாகப் பேசி மௌனமானவை. போன வருஷப் பதிவை எடுத்தாள். அதே மாதம், அதே பௌர்ணமியை ஒட்டி, அதே மௌனம். பதினைந்து நாள் கழித்து மறுபடி எண்கள் வருகின்றன, முன்பைவிடக் குறைவாக. அதற்கு முந்தைய வருஷமும் அப்படியே. கடைசியில் பழைய பெட்டியில் கிடந்த கணினி வட்டை எடுத்துப் போட்டாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய அறிக்கையின் மூலப் பதிவு அது. அதிலும் பெரிய மீன்களுக்கு அந்த இரண்டு வாரம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அவளே எழுதிய ஒரு குறிப்பு: 'அலை இரைச்சல், கருவிக் கோளாறு, கணக்கில் சேர்க்கவில்லை.'

எழுதியது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அந்த மாதம் கடல் கொந்தளிப்பு. கருவிகள் காது கேட்காமல் போவதும் சகஜம். அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அப்போதே மனதின் ஒரு மூலையில் ஏதோ உறுத்தியதும் நினைவிருந்தது. சின்ன மீன்களின் எண்கள் அந்த இரண்டு வாரமும் வந்துகொண்டுதான் இருந்தன. கருவி கோளாறு என்றால் அவை மட்டும் எப்படிக் கேட்டன? அந்தக் கேள்வியை அவள் அப்போது மென்று விழுங்கிவிட்டாள்.

தெற்கே வேறொரு நிலையத்தார் சுறாக்களுக்காக ஒலிவாங்கிகள் போட்டிருந்தார்கள். தன் மீன்களின் எண்களை அவர்களுக்கு அனுப்பிக் கேட்டாள். மறுநாள் மத்தியானமே பட்டியல் வந்தது. இந்த எண்கள் யாருடையவை என்று தெரியாமல் மூன்று வருஷமாக வைத்திருந்தோம், நல்லவேளை கேட்டீர்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார்கள். அவளுடைய பதினான்கு பெரிய மீன்களில் ஒன்பது அங்கே போயிருந்தன. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் தூரம். போகும்போது ஒன்பது, திரும்பும்போது ஆறு. அடுத்த வருஷம் ஆறு போய் நாலு திரும்பியிருந்தது.

பதினொன்றரை மாதம் வீட்டைவிட்டு நகராத மீன், முட்டையிட மட்டும் அவ்வளவு தூரம் போகிறது. பல பாறைகளிலிருந்தும் போய் ஒரே இடத்தில் கூடுகிறது. அவள் வீட்டைப் பூட்டிக் காவல் வைத்தாள். போகிற வழிக்கும் கூடுகிற இடத்துக்கும் காவல் இல்லை. அங்கே ஒரு வலை விழுந்தால் ஒரு பாறையின் மீன் மட்டும் போவதில்லை, அந்தக் கடற்கரை முழுவதன் மீனும் போகிறது. விரிகுடாவுக்குள் ஐந்து வருஷமாக எண்ணிக்கை ஏறாமல் இறங்கிக்கொண்டே போனதற்கு அவள் என்னென்னவோ காரணம் சொல்லிவந்தாள். கடல் சூடாகிவிட்டது என்றாள், திருட்டு வலை என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப்போட்டு, கை முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயதிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான். சாப்பிட்டாயா பாப்பா என்று கேட்டுவிட்டு, அந்த ஸ்பேனரை எடு என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.  பிறகு, அந்தப் பன்னிரண்டு கிலோ மீனை எங்கே பிடித்தாய் என்று கேட்டாள்.

அவன் நிமிரவில்லை. "எதுக்குக் கேக்கிற?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல், ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு வாரம், தான் எழுதி வைத்த குறிப்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் ஒரு நட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"அப்போ அந்தக் கோடு எதுக்குமே உதவலையா?"

"சின்ன மீனுக்கு உதவுச்சு. பெருசுக்கு உதவலை. பெருசு இல்லாம சின்னது வராது."

"அஞ்சு வருஷம், பாப்பா."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

பிறகு அவனே பேசினான். கோடு போட்ட மறுவருஷம், போக இடமில்லாமல் தெற்கே தேடித் திரிந்தபோதுதான் அந்த மேட்டைக் கண்டுபிடித்தானாம். கடலுக்கடியில் ஒரு மேடு, நாற்பது பாகம், அதாவது நாற்பது ஆள் உயர ஆழம். பௌர்ணமிக்கு முன்பின் நாட்களில் மீன் அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். முதல் வருஷம் ஒரு மணி நேரத்தில் படகு நிறைந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டாம் வருஷம் ஆறு படகு. போன வருஷம் இருபது. இந்த வருஷம் மூன்று நாள் கிடந்தும் பாதிப் படகு நிறையவில்லை.

"எனக்கும் தெரியாம இல்ல. முட்டை மீனைத்தான் பிடிக்கிறோம்னு கை சொல்லுது. ஆனா நான் விட்டா பக்கத்துப் படகுக்காரன் பிடிப்பான். அதான் பிடிச்சேன்."

தன்னை அங்கே கூட்டிப்போக முடியுமா என்று அவள் கேட்டாள். போனை வீட்டில் வைத்துவிட்டு வருவதானால் வா என்றான். இடத்தை எங்கும் குறிக்கக்கூடாது என்பது அவன் நிபந்தனை. அவள் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தார்கள். பதினோரு படகுகள் நின்றன. அவள் கயிற்றில் கேமராவை இறக்கி, சின்னத் திரையில் பார்த்தாள். மேட்டின் முதுகில் பழுப்புத் திட்டுத்திட்டாக மீன்கள், வயிறு உப்பி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு மெல்லச் சுற்றின. எண்ணிப் பார்த்தாள். நாற்பதுக்கு மேல் போகவில்லை. முதல் வருஷம் எத்தனை இருக்கும் என்று கேட்டாள். அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, கேமராவில் கடலே தெரிந்திருக்காது என்றான். பக்கத்துப் படகில் வலை ஏறியது. இழுத்துப்போட்ட மீனிலிருந்து முட்டை தானாகவே பலகையில் வழிந்தது. அந்தப் படகுக்காரன் இவர்களைப் பார்த்துக் கையசைத்தான். அவன் தலையில் நிலையத்தின் தொப்பி.

அன்று அண்ணன் வலை போடவில்லை. 

மூடிய விரிகுடாவை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் கூட்டம் அடுத்த மாதம் இருந்தது. அவள் நிலைய இயக்குநரிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி. பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தார். புதிதாகக் கிடைத்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய அறிக்கையைத் தொட வேண்டாம் என்றார். அறிவு வளர்கிறது, அவ்வளவுதானே, இதில் தப்பு எங்கே வந்தது என்று கேட்டார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. மூன்று நாள் அந்த நியாயத்தை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரண்டாள்.

கூட்டம் துறைமுக ஏல அரங்கில் நடந்தது. இரும்பு நாற்காலிகள், கரகரக்கும் மைக், ஈரத் தரை. அண்ணன் கடைசி வரிசையில் சுவரோடு நின்றான். அவள் எழுந்து, தயார் செய்து வந்த தாளைப் பார்க்காமலே பேசினாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் கொடுத்த அறிக்கையில ரெண்டு வாரத்தை நீக்கிட்டேன். கருவி கெட்டுப்போச்சுன்னு எழுதினேன். கருவி கெடலை. மீன் ஊர்ல இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

 பிறகு படகுச் சங்கச் செயலாளர் எழுந்தார். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை. "மீன் எங்க போச்சுன்னு இவ்வளவு கண்டுபிடிச்சிருக்கீங்க. அந்த முப்பது படகு எங்க போச்சுன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். 

அவள் கேட்டது இரண்டு. அந்த இரண்டு வாரமும் கடற்கரை முழுக்கக் களவா பிடிக்கவும் விற்கவும் தடை வேண்டும். அதற்கு ஈடாக விரிகுடாவின் பாதியையாவது படகுகளுக்குத் திறந்துவிட வேண்டும். மீன் கூடும் இடம் எது என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னால் தடை வருவதற்குள் நூறு படகு அங்கே நிற்கும், இடம் வேண்டாம், நாளைப் பூட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கும் அதில் இருந்தது.

முடிவு பதினைந்து நாளில் வந்தது. இரண்டு வாரத் தடைக்கு அனுமதி, ஒரு வருஷம் சோதனையாக. விரிகுடாவைத் திறப்பது பற்றிப் பேச்சே இல்லை. பழைய கோடு அப்படியே இருக்கும். அண்ணனுக்கு அதுவும் போய் இதுவும் போனது.

அவன் சண்டைக்கு வரவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டான். வழியில் பார்த்தால் தலையசைப்பான், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படகுத்துறையில் மீன் டாக்டர் என்று கூப்பிடுவதும் குறைந்தது. அண்ணி மட்டும் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தால் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுவாள். அவர் மனசில் உன்மேல் கோபமில்லை, தன்மேல்தான் என்று ஒருநாள் சொன்னாள். அது உண்மையா, சமாதானத்துக்குச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அதே பௌர்ணமி வந்தது. மார்க்கெட்டில் ஒரு களவாகூட வரவில்லை. ஊர்ப் படகுகள் கட்டுப்பட்டு நின்றன. அவளுக்கே அது ஆச்சரியம். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் போன் அடித்தது. பத்து மாதத்துக்குப் பிறகு அண்ணன். பின்னால் காற்றும் எஞ்சினும் இரைந்தன.

"பாப்பா, மேட்டுல நிக்கிறேன். வலை எடுத்துட்டு வரலை, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். பதினேழு படகு நிக்குது. ஒண்ணுகூட நம்ம ஊர் இல்ல."

அந்த மேட்டின் தெற்குப் பாதி பக்கத்து மாகாணத்தின் கடல். அங்கத்துப் படகுகளுக்கும் மேடு தெரிந்துவிட்டிருந்தது, அங்கே தடை கிடையாது. இங்கே வலை விழாததால் அவர்களுக்கு இரட்டிப்பாக விழுந்தது.  என்ன செய்யலாம் என்று அவன் கேட்டான். தெரியவில்லை என்றாள். 

அவள் பக்கத்து மாகாணத்து மீன்துறைக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். நேரில் வந்து விளக்கலாம் என்று நாலு மாதம் கழித்து ஒரு வரி வந்தது. கிளம்புகிற அன்று பஸ் நிலையத்தில் அண்ணன் நின்றிருந்தான். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. அண்ணி சொல்லித்தான் வந்திருந்தான். ஆறு மணி நேரப் பயணத்தில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான்.

அங்கிருந்த அதிகாரி இளவயதுப் பெண். படங்களையும் பட்டியலையும் கவனமாகத்தான் பார்த்தாள். ஆனால் அவர்கள் பக்கத்தில் அந்த மீனுக்கு வேறு பெயர். இரண்டும் ஒரே மீன்தானா என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. பிறகு அதிகாரி பட்டியலை மூடினாள். உங்கள் அறிக்கை ஐந்து வருஷம் தப்பாகச் சொன்னதாக நீங்களே கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது சொல்வது மட்டும் சரி என்று நாங்கள் எப்படி நம்புவது என்று மரியாதையாகவே கேட்டாள்.

மீன் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினான்.

"அறிக்கையை விடுங்கம்மா. நான்தான் பிடிச்சேன். முதல் வருஷம் ஒரு மணி நேரத்துல படகு நிறைஞ்சுது. அஞ்சாவது வருஷம் மூணு நாள்ல பாதி. அஞ்சு வருஷமும் முட்டை மீனைத்தான் பிடிச்சேன். இப்ப உங்க ஆளுங்க பிடிக்கிறாங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்வாங்க."

பிறகு, அவன் இதுவரை எந்தத் தாளிலும் எழுதாத, தன் மனைவியிடம்கூடச் சொல்லாத இடத்தை, மேசைமேல் விரித்திருந்த கடல்படத்தில் விரல் வைத்துக் காட்டினான்.  மீன் டாக்டர் அந்த விரலைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி குறித்துக்கொண்டாள். மேலிடத்துக்கு அனுப்புகிறேன், அடுத்த பருவத்துக்குள் ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றாள். உறுதியாக எதையும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பாதி தூரம் வந்தபோது அண்ணன் கேட்டான்.

"இப்ப எத்தனை மிச்சம் இருக்கும் பாப்பா?"

ஐந்து வருஷத்துக்கு முன் என்றால் அவள் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பாள். இப்போது மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, தெரியலை அண்ணே என்றாள்.

அவன் தலையாட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து அண்ணி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பாதியை அவளிடம் நீட்டினான்.